லோஜினியின் தோள்வலி

சீனப் புத்தாண்டு முடிந்து கோழி விலை கொஞ்சம் இறங்கிய வாரத்தில், லோஜினியின் தோள்வலி அவளை விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் அவள் குடியிருந்த அடுக்குமாடிக்காரர்களுக்கு வரத் தொடங்கியது. பதினேழு வயது லோஜினி சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுபவள். வலி இடம் மாறியதற்குக் காரணம் அவள் அம்மா ஜெயமாலா. பயிற்சி முடிந்து வந்த மகள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்க்கப் பொறுக்காமல், முருகன் சன்னதியில் அர்ச்சனைத் தட்டோடு நின்று, "இந்த வலி என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று வேண்டிக்கொண்டாள். வேறு தாயாக இருந்தால் "எனக்குக் கொடு" என்று சேர்த்துச் சொல்லியிருப்பாள். ஜெயமாலாவுடையது மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்க்கும் குடும்பம். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை என்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். முருகனும் கேட்டதை மட்டும் செய்துகொடுத்தார்.

அந்த ஆட்டம் லேசுப்பட்டதல்ல. ஓடுவதும் கை, திரும்புவதும் கை, பந்து போடுவதும் கை. பறந்து வரும் சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். தோல் உரிந்து, காய்த்து, மறுபடி உரியும். வளையமோ நின்று ஆடுபவர்களுக்கு வைத்த அதே உயரம். எம்பிக் குதிக்கக் கால் உதவாதபோது பந்தை அங்கே அனுப்ப வேண்டியது தோள்தான். இத்தனை வலியும் இப்போது அக்கம்பக்கத்தாருக்குப் போனது. கீழே கடையில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் வீசும் ஜீவனின் ரொட்டி, பயிற்சி நாட்களில் வட்டமாக வர மறுத்தது. பூ கட்டும் வள்ளியம்மாவின் சரம் பாதியில் நின்றது. விஷயம் தெரிந்ததும் ஜீவன் ஜெயமாலாவைப் பிடித்துக்கொண்டான். "என்னக்கா, முருகன்கிட்ட அட்ரஸ் சொல்ல மறந்துட்டீங்களா?" அதற்கு மேல் யாரும் சண்டைக்கு வரவில்லை. அடிக்கடி நின்றுபோகும் லிஃப்டைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

வலி இல்லாத லோஜினி பேய் மாதிரி ஆடினாள். மற்றவர்கள் ஓய்வெடுக்கும்போதும் மைதானத்தைச் சுற்றினாள். கோச் பிரவின் போதும் என்றால், "எனக்கு ஒன்னும் வலிக்கல லா, கோச்" என்பாள். அது உண்மைதான். ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஊன்றிய கை ஊன்றவில்லை. தரையில் விழுந்து கிடந்தவளுக்கு அப்போதும் வலிக்கவில்லை. மாடி முழுக்க மற்றவர்கள்தான் அலறினார்கள். தசைநார் லேசாகக் கிழிந்திருக்கிறது, முழுசாகக் கிழிந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். கட்டிலுக்கும் குளியலறைக்கும் பஸ்ஸுக்கும் மகளைக் கொண்டுபோவது அந்தத் தோள்தானே! ஜெயமாலா கோயிலுக்கு ஓடிப்போய் வலியைத் திருப்பிக் கேட்டாள். தீர்ந்துபோன மனுவை முருகன் மறுபடி திறக்கவில்லை.

மாதக்கணக்கில் ஓய்வெடுத்துத் தோள் தேறிய பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். லோஜினி ஆடும் இடத்துக்கு ஜீவன் போவான். தோள் தாங்காத அளவுக்கு வலித்தால் கையைத் தூக்குவான். உடனே பிரவின் அவளை வெளியே எடுத்துவிடுவார். நல்ல ஏற்பாடுதான், பெட்டாலிங் ஜெயாவில் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் வரும்வரை.

அன்று கடைசி நிமிடங்களில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. நாற்காலிகள் மோதிக்கொள்ளும் சத்தத்தில் காது அடைத்தது. லோஜினி பந்தோடு புகுந்து புகுந்து வந்தாள். ஜெயமாலா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ஜீவனைப் பார்த்தாள். பெற்றவளுக்கு மட்டும் அந்த வலி ஒரு நாளும் வந்ததில்லை. அது அவளுக்குப் பெரிய குறை. ஜீவனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"வலிக்குதா தம்பி?"

"சும்மா லேசா தான் லா, அக்கா. பிள்ளை ஜெயிக்கட்டும்." பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரித்தான்.

ஜெயமாலா எழுந்து நின்று தன் கையைத் தூக்கினாள். பிரவின் லோஜினியை வெளியே எடுத்தார். "அம்மா!" என்று அவள் கத்தியது அரங்கம் முழுக்கக் கேட்டது. ஒரே ஒரு கூடையில் தோற்றார்கள். மாநில அணியில் லோஜினியின் பெயர் வரவில்லை.

அதன் பிறகு லோஜினி அம்மாவோடு பேசவில்லை. ஜெயமாலா சோறு போட்டு வைத்தாள், அவள் சாப்பிட்டாள், அவ்வளவுதான். செய்தது சரி என்று தெரிந்தும் ஜெயமாலா பாத்திரம் கழுவும்போதெல்லாம் அழுதாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோஜினி கட்டிலில் கையை ஊன்றி, ஒரே தூக்கில் நாற்காலிக்கு மாறி, சமையலறை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அடுத்த மாசம் செராஸ்ல மேட்ச் இருக்கு. ஜீவன் அண்ணனைக் கூட்டிட்டு வராதீங்க. அவரு பொய் சொல்றாரு."

"பின்ன யாரைம்மா கூட்டிட்டு வர?"

"வலி தாங்காத ஆளா பாருங்க."

ஜெயமாலா கையைத் துடைத்துக்கொண்டு நேரே மேல்மாடிக்குப் போனாள். அங்கே சுங்க இலாகாவில் ஓய்வுபெற்ற ராதாகிருஷ்ணன் இருந்தார். கொசு கடித்தாலே கிளினிக்குக்கு ஓடுகிறவர். விஷயத்தைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. வருகிறேன் என்றவர், வேனில் தனக்கு ஜன்னலோர சீட் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.