தொட்டியில் இருந்த செய்தி ஆசிரியர்

பிராகில் வெளிவந்துகொண்டிருந்த 'வல்டவா மெயில்' என்ற ஆங்கில வார இதழுக்குப் பதினோரு ஆண்டுகள் செய்தி ஆசிரியராக இருந்தது ஒரு கெண்டை மீன். ஜிஷ்கோவ் பேட்டையில், எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில், அலுவலகமாக மாறிவிட்ட ஒரு வீட்டின் குளியல் தொட்டியில் அது இருந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும். தபால்காரர்கூட அதற்கு வரும் வாழ்த்து அட்டைகளைக் குளியலறைக் கதவிடுக்கில்தான் செருகுவார்.

கிறிஸ்துமஸுக்குக் கெண்டையை உயிரோடு வாங்கி, இரண்டு மூன்று நாள் தொட்டியில் விட்டு, இருபத்து நான்காம் தேதி தலையில் ஒரு போடு போட்டு, வறுத்து, உருளைக்கிழங்கு சாலட்டோடு சாப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதில் ஒரே ஒரு விதிதான்: மீனுக்குப் பெயர் வைக்கக் கூடாது. தொண்ணூற்றாறில், ஊரோடு ஒத்து வாழும் ஆசையில், பத்திரிகையின் ஆசிரியர் ஹார்லன் பீஸ்லி தெருமுனையிலிருந்து ஒரு கெண்டையை வாங்கி வந்தார். ஒஹையோக்காரர், நல்ல உயரம், 'அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடுவேன்' என்று வருஷா வருஷம் சொல்பவர். மீனைத் தொட்டியில் விட்ட அரை மணி நேரத்தில் அவரும் அங்கே வேலை பார்த்த மற்ற வெளிநாட்டார்களும் சேர்ந்து அதற்குக் கென்னத் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முடிந்தது கதை. அந்த அலுவலகத்திலேயே செக் மொழி தெரிந்த ஒரே ஆள், மொழிபெயர்ப்பாளர் லிபுஷே, தலையில் அடித்துக்கொண்டார். "பேரு வச்சாச்சுல்ல? இனிமே உங்க யாருக்கும் கை வராது. நகருங்க, நான் முடிச்சுத் தரேன்" என்றார். ஹார்லன் குளியலறை வாசலில் கைகளை விரித்து நின்றுகொண்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சீஸ் வறுத்துச் சாப்பிட்டார்கள், பாவம்.

பிப்ரவரியில் கென்னத் பேசத் தொடங்கியது. செக் மொழியில்தான், வேறு எந்த மொழியில் பேசும்? தொட்டியின் வடிகால் ஓட்டையில் காதை வைத்துப் படுத்துக்கொள்ளும். ஊர் வாயை மூட முடியாது என்பார்கள்; ஊர்க் குழாயை மூடுவது அதைவிடக் கஷ்டம். பிராகில் எந்தக் குளியலறையில் யார் அழுதாலும், எந்த சமையலறையில் யார் சண்டை போட்டாலும், அது அத்தனையும் குழாய் வழியாக ஜிஷ்கோவுக்கு வந்து சேர்ந்தது. லிபுஷே கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவார். அமைச்சர் ஒருவர் ராஜினாமா செய்யப்போவது அவர் மனைவிக்குத் தெரியுமுன் 'வல்டவா மெயில்' வாசகர்களுக்குத் தெரிந்தது. பியர் விலை ஏறுவதும், எந்த டிராம் எப்போது நிற்கும் என்பதும் அப்படியே. எல்லாவற்றையும்விட வாசகர்கள் உயிரை விட்டது விசா வரிசைப் பத்திக்குத்தான். 'வியாழன் அன்று நான்காம் ஜன்னலுக்குப் போகாதீர்கள், அந்த அம்மாவுக்குப் பல்வலி. இரண்டாம் ஜன்னல்காரர் பேரன் பிறந்த சந்தோஷத்தில் இருக்கிறார்' என்று அச்சில் வந்தால், வியாழக்கிழமை விடிகாலையில் ஊரிலுள்ள வெளிநாட்டார் மொத்தப் பேரும் இரண்டாம் ஜன்னலில்தான் நிற்பார்கள்.

ஹார்லனுக்கு மீன்மேல் கொள்ளைப் பிரியம். காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுப் போடுவார். ஒஹையோவிலிருந்து வந்த விவாகரத்துச் செய்தியை அவர் முதலில் சொன்னது கென்னத்திடம்தான். மீன் பதிலுக்கு நீளமாக ஏதோ சொல்லும். "என்ன சொல்றான்?" என்பார். லிபுஷே பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல், "காலை வணக்கம்ங்கறான்" என்பார். பதினோரு ஆண்டுகளில் ஹார்லன் கற்ற செக் மொழி, பியர் கேட்பதற்கும் நன்றி சொல்வதற்கும் போதுமானது, அவ்வளவுதான். அவருடைய வாசகர்களும் அப்படித்தான். தெரிந்திருந்தால் பத்திரிகையை ஏன் வாங்குகிறார்கள்?

இரண்டாயிரத்து ஏழில் லண்டனில் இருந்த முதலாளி, அலுவலகத்தைப் பிராகிலேயே கார்லின் பகுதியில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்துக்கு மாற்றச் சொன்னார். அங்கே காபி இயந்திரம் உண்டு, நின்று குளிக்கும் ஷவர் உண்டு, தொட்டி கிடையாது. ஜிஷ்கோவ் வீட்டின் சாவியைக் கிறிஸ்துமஸுக்கு முன்தினமே ஒப்படைத்தாக வேண்டும் என்று கட்டளை. கென்னத்தை என்ன செய்வது? ஹார்லன் யோசித்து யோசித்து, ஆற்றில் விட்டுவிடலாம், பாவம், சுதந்திரமாக இருக்கட்டும் என்றார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மனசு இளகிய நாலு பேர் செய்யும் அதே பைத்தியக்காரத்தனம். லிபுஷே கத்தினார். "ஆத்துல விட்டா செத்துடும், ஹார்லன்! எங்க வீட்டுக்குக் கொண்டு போறேன், குடுங்க." ஹார்லன் நம்பவில்லை. அந்த முதல் கிறிஸ்துமஸில் 'நான் முடிச்சுத் தரேன்' என்று நின்ற பெண் அல்லவா? "வறுக்கத்தானே கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டார். லிபுஷே கோட்டை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தாமலேயே படியிறங்கிப் போனார். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தோடு ஒருவர் போனால் வணக்கம் சொல்லக்கூட வாய் வராது.

மறுநாள், இருபத்து நான்காம் தேதி பிற்பகல், ஹார்லன் பெரிய வாளியோடு ஆற்றங்கரைப் படிகளில் இறங்கினார். கண் கலங்கியிருந்தது. வாளியைச் சாய்க்கப் போனபோது கென்னத் தலையை வெளியே நீட்டியது.

"டேய் நெட்டைக் கொக்கு! மூளையிருக்கா உனக்கு? நான் ட்ரெபோன் குளத்துல பொறந்தவன்டா. இந்த ஓடுற தண்ணியில விட்டா நாளைக்கே வயித்தக் காட்டிட்டு மெதப்பேன்!"

ஹார்லன் வாளியை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பதினோரு வருஷம் தினமும் ஒரே வாயிலிருந்து திட்டு வாங்கினால் யாருக்குத்தான் புரியாது?

"தினமும் காலையில என்னை இப்படித்தான் திட்டிட்டிருந்தியா?" என்று கேட்டார், சுத்தமான செக்கில்.

"பின்ன, உனக்கு ஆரத்தியா எடுப்பாங்க? அந்தப் பொண்ணு நல்லவ, மாத்திச் சொல்லிட்டா. முந்தாநாள் ராத்திரி கூட எனக்காகத் தேம்பித் தேம்பி அழுதா, குழாயில கேட்டேன். நீ அவளைப் போய் அப்படிக் கேட்டியே, வெக்கமாயில்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஹார்லன் வாளியைத் தூக்கிக்கொண்டு டிராம் ஏறினார். எதிர் இருக்கைக்காரர் வாளியை எட்டிப் பார்த்து, "வறுக்கவா, ஆத்துல விடவா?" என்றார். "ரெண்டும் இல்லைங்க. ஆபீஸ் மாத்தறோம்" என்றார் ஹார்லன். அந்த ஆள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வர்ஷோவிட்சேயில் இருந்த தன் வீட்டுக் கதவை லிபுஷே திறந்தபோது கையெல்லாம் ரொட்டித் தூள். அந்த வருஷம் அவர் மீன் வாங்கவில்லை, பன்றி இறைச்சிதான் பொரித்துக்கொண்டிருந்தார். ஹார்லன் மன்னிப்புக் கேட்டார், செக்கிலேயே, மூச்சு விடாமல். லிபுஷேவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "மொதல்ல ஷூவைக் கழட்டுங்க" என்றார். குளியலறையில் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. "நேத்தே ரொப்பி வச்சிட்டேன். குளோரின் போகணும்ல?" என்றவர் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். "தினமும் அந்தக் குரலைக் கேட்டுட்டு, திடீர்னு இல்லைன்னா நான் என்ன பண்றது, ஹார்லன்?" கென்னத் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வடிகாலில் காதை வைத்து, வர்ஷோவிட்சே குழாய்கள் பரவாயில்லை என்றது.

கார்லின் கண்ணாடிக் கட்டிடத்துக்கு ஒரு செய்தியும் வரவில்லை. வசந்தம் வருமுன் முதலாளி அதை இழுத்து மூடினார். 'வல்டவா மெயில்' இப்போது இணையத்தில், லிபுஷே வீட்டுக் குளியலறையிலிருந்து வருகிறது. விசா வரிசைப் பத்திக்கு இன்றும் அதே கிராக்கி. ஹார்லன் அங்கேயே குடியேறிவிட்டார். இரண்டு பேரும் குளிப்பதற்கு லிபுஷேயின் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு. அடுத்த வருஷம் ஊருக்குப் போவது பற்றி அவர் பேசுவதில்லை. மதுக்கடையில் புதிதாக வந்தவர்கள் யாராவது மீனிடம் கற்ற அவருடைய செக் பேச்சைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று விசாரிப்பார்கள். "ட்ரெபோன் பக்கம்" என்பார். "அதானே பார்த்தேன், பேச்சுலயே தெரியுது" என்று சொல்லி, அவர்கள் தங்கள் மேசையில் அவருக்கு இடம் விட்டுத் தள்ளி உட்காருவார்கள்.