கூட வந்தவர் யாரும் இல்லை

வார்டு வாசலில் ஆயாம்மா மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். வாளியில் பினாயில் தண்ணீர் கருத்துக் கிடந்தது. காலை ஷிஃப்டு தொடங்கியதிலிருந்தே துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்கு வரும் வழியிலேயே சின்னவன் போன் செய்திருந்தான். "அம்மா, விடியக்காலைல குழாய் போடற எடத்துல போலீஸ் அடிச்சுத் துரத்திட்டாங்க. நான் வீட்டுக்கு ஓடி வந்துட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டிய வெளிய பூட்டச் சொல்லிட்டு உள்ள ஒக்காந்திருக்கேன். அக்கா எங்கன்னு தெரியல. ஓடும்போது அவ கைய விட்டுட்டேம்மா." அதற்கு மேல் பேச்சு வரவில்லை. விசும்பல்தான் கேட்டது.

பழைய எண்ணெய்க் குழாய் கசிந்ததிலிருந்து அவர்கள் தெருக் கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை. இப்போது புதுக் குழாய் ஏரியை ஒட்டிப் போகப்போகிறது. மூத்தவள் செல்போன் கடையில் வேலை முடிந்ததும் நேரே ஏரிக்கரைப் போராட்டப் பந்தலுக்குப் போய்விடுவாள். தம்பியும் பின்னாலேயே போவான். நேற்றிரவு இருவரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். "உனக்கு எதுக்குடி ஊர் வம்பு?" என்று கேட்டால், "நீ சும்மா இரும்மா. உனக்கும் சேர்த்துத்தான் கத்திட்டு வரேன்" என்பாள். அம்மாவை அவள் ஒருநாளும் மரியாதை வைத்துப் பேசியதில்லை. வா, போ, உளறாதே, இவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் டிரைவர் தேநீர் கிளாசோடு படியில் உட்கார்ந்து வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "போராட்டத்துல மாட்டினவங்க விலாசம் கெடைச்சாப் போதுமாம். போலீஸ் வீடு புகுந்து அப்பன், அண்ணன், தம்பின்னு அள்ளிட்டுப் போறாங்களாம். போன எடமே தெரியலையாம்."

அப்போதுதான் ஸ்ட்ரெச்சர்கள் வரத் தொடங்கின.

கை முறிந்தவர்கள், கண் வீங்கியவர்கள், சட்டை கிழிந்த ஒரு வாத்தியார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியாக வந்த ஸ்ட்ரெச்சரில் நீலச் சுடிதார் தெரிந்தது. போன மாதம் அவளே தையல் பிரித்து இடுப்பைத் தளர்த்திக்கொடுத்த சுடிதார். முடி முழுக்க ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. மூச்சு இருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் கால் எழுந்தது. ஆனால் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னாலேயே ஒரு போலீஸ் அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும் வந்தார்கள். ஆயாம்மா குனிந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலில் மாற்றியபோது வலியில் மூத்தவள் கண் திறந்தாள். எதிரே மாப்போடு நிற்பவளைப் பார்த்தாள். "அம்மா..." என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

போலீஸ்காரர் சட்டென்று திரும்பினார்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றாள் அவள்.

அந்த 'ங்க' ஆயாம்மாவின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. டம்ளரை எடுத்தாள். தண்ணீர் பாதி தரையில் சிந்தியது.

"உனக்கு இவளத் தெரியுமா?" போலீஸ்காரர் அருகில் வந்தார்.

"இல்லீங்கய்யா." டம்ளரை அவள் வாயருகே பிடித்தாள். "இங்க வர்றவங்க எல்லாருமே அம்மான்னுதாங்க கூப்பிடுவாங்க."

"ஏன் கை நடுங்குது?"

"ரத்தம் பாத்தா அப்படித்தாங்கய்யா."

"ரத்தம் பாத்தா நடுங்கறவ ஆஸ்பத்திரியில என்ன வேல பாக்கற?" என்று சிரித்தார் அவர். ஆயாம்மாவும் சிரித்து வைத்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் துடைக்கத் தொடங்கினாள். தலைக்கு மேலே விசாரணை நடந்தது.

பெயர் கேட்டார்கள். வாயில் வந்த ஏதோ ஒன்றைச் சொன்னாள் மூத்தவள்.

"வீடு எங்க?"

"வீடு இல்ல சார். கடையிலயே தங்கிக்குவேன்."

"அப்பா, அம்மா?"

"யாரும் இல்ல."

"கூடப் பொறந்தவங்க?"

"யாரும் இல்லன்னு சொல்றேன்ல சார்."

மாப் ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது.

இளம் டாக்டரம்மா வந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு தரம் வாந்தி எடுத்திருக்காங்க. தலைக்குள்ள ரத்தம் கசியுதான்னு பாக்கணும். இவங்கள அசைக்கக்கூடாது."

"எங்க எடத்துலயும் டாக்டர் இருக்காரு" என்றார் அதிகாரி.

"சொந்தக்காரங்க சம்மதம் இல்லாம அனுப்ப முடியாது சார்."

"அவளுக்குத்தான் யாருமே இல்லையே. அவளே சொல்லிட்டா. நாங்க பொறுப்பு எடுத்துக்கறோம்."

டாக்டரம்மா வார்டைச் சுற்றிப் பார்த்தார். யாராவது ஒருவர் எழுந்து வந்துவிட மாட்டார்களா என்பது போல இருந்தது அந்தப் பார்வை. "கூட யாராவது வந்திருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

ஆயாம்மா நிமிர்ந்தாள். உதடு பிரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் மகள் இந்தக் கட்டிலில் இருப்பாள். அதே வார்த்தை, பூட்டிய வீட்டுக்கு வழி காட்டிவிடும். ஜன்னலை அடைத்துக்கொண்டு இருட்டில் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருக்கும் சின்னவன் கண்ணுக்குள் வந்தான். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை அசைக்க முடியாமல் கண்ணை மட்டும் ஒருமுறை இறுக மூடித் திறந்தாள்.

ஆயாம்மா மறுபடி குனிந்து மாப்பைப் பிழிந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் தூக்கிவிடு" என்றார் போலீஸ்காரர்.

ஆயாம்மா மகளின் தோளுக்கு அடியில் கைகொடுத்து எழுப்பினாள். நடைவழி முழுக்க அவள் பாரம் தன்மேல் சாய்ந்திருந்தது. உடம்பு கொதித்தது. வேனின் படியருகே, காதோரம் மூச்சு மாதிரி ஒரு சத்தம்: "தம்பி?"

"வீட்ல."

மகளின் விரல்கள் அவள் கையை ஒருமுறை அழுத்தின. பிறகு போலீஸ்காரருக்குக் கேட்கும்படி, "போதுங்கம்மா. விட்டுடுங்க" என்றாள்.

வேன் கேட்டைத் தாண்டிப் போனது. ஆயாம்மா அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து சூப்பர்வைசர் கத்தினான். "அங்க என்ன வேடிக்கை? அந்தக் கட்டில உடனே ரெடி பண்ணு. புது விரிப்பு போடு. குழாய்க் கம்பெனி மேனேஜர் வராரு. தள்ளுமுள்ளுல விரல் பெசகிடுச்சாம்."

தலையணையில் பள்ளம் அப்படியே இருந்தது. அவள் உறையைக் கழற்றி மடித்தாள். விரிப்பை உதறிப் போட்டு நாலு மூலையையும் மெத்தைக்கு அடியில் சொருகினாள்.

மேனேஜர் நடந்தே வந்தார். பாதுகாப்புக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்து கட்டிலின் இருபுறமும் நின்றார்கள். பெரிய டாக்டரே இறங்கிவந்து விரலைப் பிடித்துப் பார்த்தார். "எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க சார். ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

மேனேஜர் ஷூவைக் கழற்றாமலே காலை நீட்டிப் படுத்தார். அடிப்பாகத்தில் அப்பியிருந்த ஏரிமண் வெள்ளை விரிப்பில் உதிர்ந்தது.

"வெயில் கண்ணுல அடிக்குது" என்றார்.

ஆயாம்மா போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.