மருமகள் சொல்லாத பெயர்

மாமனார் சகின்பாய் தேநீர்க் கிண்ணத்தை வாங்கவில்லை. இளைய மருமகள் ஜிபெக் அதை இரண்டு கைகளாலும் நீட்டியபடி குனிந்து நின்றாள். தேநீர் ஆறும் வரை நின்றாள். சாப்பாட்டு விரிப்பின் எதிர்ப்பக்கம் மாமியார் பாத்மா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் குவித்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை. மூத்த மகன் உலார்பெக் மட்டும் பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கீழ வை," என்றார் சகின்பாய் கடைசியில். "நேத்து பட்டறையில என்ன சொன்ன நீ?"

ஜிபெக் கிண்ணத்தை விரிப்பில் வைத்தாள்.

"மறுபடியும் அவ வாயால வேற கேக்கணுமா?" என்றாள் பாத்மா. "ஒரு தடவை கேட்டதுக்கே டோக்மோக் ஊர் பூரா சிரிக்குது."

"வேலை கொடுக்க வந்தவங்க நாலு பேரு நின்னாங்கப்பா," என்றான் உலார்பெக், மென்றுகொண்டே. "என் பொண்டாட்டி இத்தனை வருஷத்துல ஒரு நாள் என் பேரைச் சொன்னதில்ல. இவ என்னடான்னா, சந்தையில தப்பிப் போன கழுதையைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறா."

புகுந்த வீட்டு மூத்த ஆண்களின் பெயர் மருமகள் வாயில் வரக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வந்த வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுப் பெயர் வைத்துவிட வேண்டும். ஜிபெக் உலார்பெக்குக்கு 'மிர்சா அண்ணன்' என்று வைத்தாள். கனவான்களை அப்படித்தான் அழைப்பார்கள். அன்றைக்குப் பாத்மா பூரித்துப்போய் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

முந்தின நாள் நடந்தது இதுதான். அவர்கள் வீட்டை ஒட்டி இருக்கும் பட்டறையில் இரும்பில் ஓட்டை போடும் இரண்டு டிரில்லிங் மெஷின்கள். ஒன்றில் ஜிபெக், மற்றதில் உலார்பெக். உலார்பெக்கின் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த துளைக்கும் பிட்டில் இரும்புச் சுருள் சேர்ந்துவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டுத் தூரிகையால் தள்ள வேண்டியதை அவன் கம்பளிக் கையுறை போட்ட வலது கையால் இழுக்கப் போனான். ஜிபெக் பார்த்தாள். பார்த்த கணத்தில் "உலார்பெக்" என்று அலறினாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். திரும்பிய வேகத்தில் கை வெளியே வந்தது, கையுறை வரவில்லை. அது பிட்டில் சுற்றிக்கொண்டு, மேசை இரும்பில் பட்டுப் பட்டு அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கையுறையைப் பற்றி இப்போது யாரும் பேசவில்லை.

"கை மாட்டியிருக்கும் மாமா," என்றாள் ஜிபெக், தரையைப் பார்த்தபடி.

"கை போனா டாக்டர் பாப்பான்," என்றார் சகின்பாய். "பேர் போனா எந்த டாக்டர்டா பாப்பான்?" கேள்வியை மகனைப் பார்த்துக் கேட்டார். மருமகளிடம் நேராகக் கோபப்படுவதும் அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

தீர்ப்பைப் பாத்மா சொன்னாள். ஜிபெக்கின் அப்பா ஒரு ஆடு கொண்டுவந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். "இன்னொரு தடவை நம்ம வீட்டு ஆம்பளை பேரு உன் வாயில வந்துச்சு, நீ உங்க அப்பன் வீட்டுக்கு நடையைக் கட்டு. எல்தார் இங்க இருப்பான். அவன் எங்க ரத்தம்."

ஜிபெக்கின் இரண்டு வயது மகன் எல்தார் அப்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா கைராத் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். இரவு போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ ஏன் பேரைச் சொன்ன?" என்று மட்டும் கேட்டான்.

ஜிபெக்கின் அப்பா அசான் ஞாயிற்றுக்கிழமை வந்தார், பக்கத்து வீட்டுக்காரன் வண்டியில், சினைப்பட்டிருந்த ஆட்டோடு. வேறு ஆடு அவரிடம் இல்லை. வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வளர்த்தது நாங்க. குத்தம் எங்க மேலதான்," என்றார்.

"பொண்ணுக்குக் கை சுத்தம்தான் சம்பந்தி," என்றார் சகின்பாய் பெருந்தன்மையாக. "வாய்தான் கொஞ்சம் நீளம்."

அசான் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆட்டை அறுத்து, வேகவைத்து, எலும்பெலும்பாகப் பிரித்து மரியாதைப்படி பங்கு வைத்தது உலார்பெக்கின் வலது கை. ஐந்து விரலும் கொழுப்பில் மின்ன, முதல் துண்டை அசானுக்கே நீட்டினான். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

போகும்போது குழாயடியில் மகளைப் பார்த்து, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரும்மா," என்றார். "இனிமே கொண்டு வர எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அதன் பிறகு ஜிபெக் வாயை வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்தாள். கல்யாணத்துக்கு முன் தொழிற்பள்ளியில் படித்து ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பெண் பார்க்கப் போன அன்று பாத்மா அவள் முகத்தைவிடக் கைகளை அதிக நேரம் பார்த்தாள். கைராத் ரஷ்யா போனதும் பட்டறையில் இருந்த ஆளை நிறுத்திவிட்டு இவளை நிறுத்தினார்கள். ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். மருமகளுக்குச் சாப்பாடு போட்டால் போதும்.

காலையில் ரொட்டி சுட்டு, பால் காய்ச்சி, எல்தாரை மூத்த மருமகள் சைராவிடம் விட்டுவிட்டு அவள் பட்டறைக்குப் போவாள். இரண்டு மெஷினுக்கும் அவளே எண்ணெய் விடுவாள். பெல்ட்டை அழுத்திப் பார்ப்பாள். பிட்டைப் பிடித்திருக்கும் 'சக்'கைத் துடைத்து, அதை இறுக்கும் சாவி அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, எடுத்து ஆணியில் தொங்கவிடுவாள். உலார்பெக்கின் மெஷினில் நிறுத்தும் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருந்தது. நிறுத்த வேண்டுமானால் எதிர்ச் சுவருக்குப் போய் மெயின் சுவிட்சைத்தான் இறக்க வேண்டும்.

"மிர்சா அண்ணே, அந்தப் பொத்தானை மாத்திடலாம்," என்றாள் ஒரு நாள்.

"நீ இந்த வீட்டுக்கு மருமகளா வந்தியா, இன்ஸ்பெக்டரா வந்தியா?"

"இரும்பையாவது வைஸ் பிடியில பூட்டிட்டு..."

"நீ பூட்டி அவுக்கிற நேரத்துல நான் ரெண்டு ஓட்டை போட்டுடுவேன்." பட்டறைக்கு வந்திருந்த டிராக்டர்க்காரன் பக்கம் திரும்பி, "எங்க வீட்டுல பொம்பளைங்க பேரைச் சொல்லத்தான் கூடாது, பாடம் நடத்தலாம்," என்றான். டிராக்டர்க்காரன் சிரித்தான்.

ஜனவரியில் குளிர் இறுகியது. தொட்டால் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்ளும். உலார்பெக் புதுக் கையுறை வாங்கியிருந்தான். சகின்பாயும் பாத்மாவும் ஒரு இழவு வீட்டுக்குப் போயிருந்த நாள் அது. டிராக்டர்க்காரன் மறுபடி வந்து, பட்டறை வாசலில் வண்டியை உறும விட்டுக்கொண்டு நின்றான். உலார்பெக் ஒரு கனத்த தகட்டை இடது கையால் மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிட்டை இறக்கினான். சுருள் நீளமாக, அறுபடாமல் கிளம்பி வந்து அவன் இடது மணிக்கட்டை நெருங்கியது.

ஜிபெக் தன் மெஷினிலிருந்து பார்த்தாள். பெயர் அவள் தொண்டை வரை வந்தது. வந்த பெயரின் பின்னாலேயே எல்தாரும் நினைவில் வந்தான், பாத்மாவின் இடுப்பில், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம்.

"மிர்சா அண்ணே," என்றாள். "மிர்சா அண்ணே, கை."

கத்தித்தான் சொன்னாள். ஆனால் பிறந்ததிலிருந்து அவன் உலார்பெக். சத்தத்தின் நடுவே காது தன் பெயருக்குத்தான் விழிக்கும். மரியாதைச் சொல்லுக்கு விழிக்காது. அவன் திரும்பவில்லை. அவள் சுவரை நோக்கி ஓடினாள். பாதித் தூரம் போவதற்குள் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது.

மெயினை இறக்கினாள். திரும்பி வந்து பெல்ட்டைக் கையால் பின்பக்கம் சுழற்றி, சுற்றிக்கொண்டிருந்ததை மெல்ல மெல்ல விடுவித்தாள். கையுறை வந்தது. கட்டை விரலும் அடுத்த இரண்டும் கையுறையோடு வந்தன. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அந்தக் கையை இறுகச் சுற்றினாள். மயங்கிச் சரிந்தவனை டிராக்டர்க்காரனும் அவளுமாக ஒரு காரைப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பதிவுச் சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்: "பேரு?"

ஜிபெக் உள்ளே போகும் கதவைப் பார்த்தாள்.

"நீங்க அவருக்கு யாரு?"

"தம்பி பொண்டாட்டி."

"ஓ," என்று அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். அவளும் ஒரு வீட்டு மருமகள்தான். "பெரியவங்க வரட்டுமா?"

உள்ளே கதவுக்கு அப்பால் உலார்பெக் முனகுவது கேட்டது.

"சகின்பாய் மகன் உலார்பெக்," என்றாள் ஜிபெக். இழவு வீட்டிலிருந்து மாமனாரும் மாமியாரும் வரும் வரை அவள் அந்தச் சன்னல் பக்கத்திலேயே நின்றாள்.

பாத்மா நடைவழியின் முனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். மருமகளைப் பார்த்ததும் அழுகை ஏச்சாக மாறியது.

"தலையில துணியில்லாம நிக்கிறதைப் பாரு. எங்கடி இருந்த நீ?"

"பக்கத்து மெஷின்ல."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"மிர்சா அண்ணேன்னு கூப்பிட்டேன் அத்தை."

"அந்தச் சத்தத்துல அது எவனுக்குடி கேக்கும்?" பாத்மா தன் மார்பில் அடித்துக்கொண்டாள். "பேரைச் சொல்லி ஒரு கத்து கத்தியிருந்தா என் பிள்ளை திரும்பியிருப்பானே. ஒரே ஒரு சொல்லு. அதுக்குக்கூடவா உனக்கு மனசு வரல, பாவி?"

சன்னல் பெண் தலையை நீட்டினாள். "சகின்பாய் மகன் உலார்பெக்கோட வந்தவங்க யாரு? உள்ள கூப்பிடுறாங்க."

பாத்மாவின் அழுகை நின்றது. "பேரை யாரு குடுத்தது?"

"இவங்கதான்," என்றாள் அந்தப் பெண்.

நடைவழியில் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பாத்மா கணவரைப் பார்த்தாள். "கேட்டீங்களா? கை போறப்ப சொல்லாதவ, ஆஸ்பத்திரி பூரா சொல்லியிருக்கா. மகன் பேரு மட்டுமில்ல, உங்க பேரும் சேர்த்து."

சகின்பாய் மருமகளுக்கு முதுகைக் காட்டினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வெளிக்கதவை நோக்கி நடந்துகொண்டே, வீட்டிலிருந்த மூத்த மருமகளிடம் பேசினார். "சைரா, வெளிக் கதவைப் பூட்டிக்கோ. ஜிபெக் வந்தா திறக்காத. பையன் உள்ளேயே இருக்கட்டும். அவ இனிமே நம்ம வீட்டு ஆள் இல்ல."

"சகின்பாய்," என்றாள் ஜிபெக்.

அவர் உடனே திரும்பினார். காதில் போன் இருந்தது. மூத்தவளின் குரல் அதில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

"பேரைச் சொன்னா திரும்புறீங்க," என்றாள் ஜிபெக். குரலை உயர்த்தவில்லை. "நான் என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகப் போறேன். பூட்டுறதுன்னா பூட்டிக்கோங்க. வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிக் கூப்பிடுவேன். உங்க அப்பா பேரு, அவரோட அப்பா பேரு, எனக்கு எல்லாம் தெரியும். கதவு திறக்கிற வரைக்கும் தெரு கேக்கட்டும்."

வெறும் தலையோடு அவரைத் தாண்டிக்கொண்டு பனியில் இறங்கினாள்.