பார்வை விழுந்த இடம்

அந்த ஊரில் யாரும் விரலை நீட்டி எதையும் காட்டுவதில்லை. பஸ் வரும் பக்கமானாலும், பக்கத்து வீட்டுக் கூரையானாலும் தாடையை லேசாகத் தூக்கித்தான் காட்டுவார்கள். விவரம் தெரியாத குழந்தை நிலாவைக் காட்டினாலும் கையில் சுளீரென்று ஒரு அடி விழும். ஆவணப்படம் எடுக்க ஹே-ரான் முதல் தடவை காமிராவோடு வந்து இறங்கியபோது, "ஐயா, பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், கொஞ்சம் கை காட்டுங்களேன்" என்று கேட்டுத் தொலைத்தாள். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு காரணம் சொன்னவர் அந்த ஊர்க்காரர் தொக்-சூ. "தப்பா எடுத்துக்காதம்மா. இங்க அதுக்குப் பேரு விரல் துப்பாக்கி. பள்ளிக்கூட மைதானத்துல ஊரையே நிக்க வெச்சு, எவனை நோக்கி விரல் நீளுதோ அவனைக் கூட்டிட்டுப் போய்ச் சுட்டாங்க. எங்கப்பாவையும் அப்படித்தான்."

அது 1948ஆம் வருஷத்து ஐப்பசிக் குளிர். சுன்சொன் நகரத்தில் கலகம் செய்த சிப்பாய்கள் மலைக்கு ஓடிய பிறகு, அவர்களுக்குச் சோறு போட்டவர்களைத் தேடிப் போலீஸ் வந்தது. தொக்-சூவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா ஊரின் ஒரே மாட்டு வைத்தியர். அவர் போனதோடு வீட்டுக்குச் 'சிவப்பன் வீடு', அதாவது கம்யூனிஸ்ட் வீடு, என்று பெயர் வந்தது. தொக்-சூ வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியும், அப்பா பெயரைப் பார்த்ததும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிப் புத்தகத்தில் இந்தச் சாவுகளுக்கெல்லாம் சேர்த்துக் கிடைத்தது அரை வரி. இப்போது காலம் மாறி, அழுவதற்கு அரசாங்கமே அனுமதி கொடுத்திருந்தது. பெரிய மனசுதான்.

தொலைக்காட்சிக்காரர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய விஷயம் இது. இரவல் காமிராவை வைத்துக்கொண்டு ஹே-ரான் ஒண்டியாளாக ஆறு வருஷம் அந்த ஊருக்கு நடையாய் நடந்தாள். சோறு போட்டதும், காமிராவின் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்ததும் தொக்-சூதான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"யாரு காட்டினான்னு தெரிஞ்சா போதும்மா. அடிக்கப் போறதில்ல, திட்டப் போறதில்ல. எனக்கும் எழுபத்தஞ்சு ஆச்சு. தெரியாமலே போயிடக் கூடாது."

அவருக்கு ஊரில் ஒரே சிநேகிதர், அடுத்த வீட்டுப் பான்-சொக். நாலு வயசு மூத்தவர். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் சதுரங்கப் பலகையோடு உட்கார்ந்துவிடுவார்கள். பான்-சொக் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. "மாடு மேய்க்கிறவன்கூட உங்களை ஜெயிச்சிருவான்" என்று ஊரே கேலி செய்யும். அவர் சிரித்துக்கொண்டே காய்களை மறுபடி அடுக்குவார். ஊரில் பாதி வீடுகளுக்கு ஒரே நாளில்தான் திதி. அன்றைக்குத் தொக்-சூவின் அப்பாவுக்கென்று ஒரு போத்தல் அரிசி மது வாங்கிக்கொண்டு வருவதும் அவர்தான்.

நாலாம் வருஷம், தொக்-சூ சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பான்-சொக் ஹே-ரானைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கையுறை போட்ட கைகளால் சீமைப் பனிச்சம்பழத்தைத் தோல் சீவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"தொக்-சூ தேடுறானே, அந்த ஆள் நான்தான்மா."

 ஹே-ரானின் கை தன்னால் காமிராவை முடுக்கியது. படமெடுக்கிறவர்களின் கை அப்படிப்பட்டது.

"ஒன்பது வயசு. என்னை முன்னால இழுத்து நிப்பாட்டி, 'மலைக்காரனுக்குச் சோறு போட்டது யாரு? வாயால சொல்ல வேண்டாம், காட்டுனா போதும்'னான் போலீஸ்காரன். எனக்கு எதுவும் தெரியாது. பயத்துல மூத்திரம் போயிடுச்சு. நான் விரலை நீட்டலம்மா, கேட்டுக்க, கையையே தூக்கல. தெரிஞ்ச மூஞ்சி ஏதாச்சும் இருக்கான்னு தேடுனேன். மாட்டு வைத்தியர் நின்னுக்கிட்டிருந்தாரு. என்னை ரொம்பத் தூக்கிச் சுமந்தவரு. அவரைப் பாத்தா தைரியமா இருக்கும்னு பாத்தேன். அவ்வளவுதான். என் கண்ணு போன பக்கம் அவன் திரும்பினான்."

சொல்லி முடித்துப் பழத்தைக் காயவைக்கக் கயிற்றில் கட்டினார். "படத்துல போட்டுக்க. எனக்குச் சொல்லணும், ஆனா தொக்-சூ மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியல. என் பேரு மட்டும் உன் வாயால வரக் கூடாது."

"சத்தியமா வராது ஐயா."

அவள் சொன்னபடியே செய்தாள். குரலை மாற்றினாள். முகம் கிடையாது. கையுறை போட்ட கைகளும் பழமும் மட்டும். அந்த ஊரில் ஐப்பசி வந்தால் யார் கையும் அப்படித்தான் இருக்கும்.

ஒரே ஒரு இடத்தில்தான் கத்திரி போட்டாள். 'விரலை நீட்டல, பாத்தேன், அவ்வளவுதான்.' அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வந்தது. சுட்டவன், 'உத்தரவு வந்தது, அவ்வளவுதான்' என்கிறான். லாரி ஓட்டியவன், 'ஓட்டினேன், அவ்வளவுதான்' என்கிறான். இந்தத் தேசத்தில் யாரும் எதையும் செய்ததே இல்லை போலும்! எல்லாச் சாட்சியும் விரல் என்றார்கள். படத்துக்கே 'விரல்' என்றுதான் பெயர் வைத்திருந்தாள். பான்-சொக்கின் அந்த வரிகளை எடுத்துவிட்டு, அங்கே சுவரில் நீளும் ஒரு சின்னக் கையின் நிழலை வைத்தாள். நகரத்தில் படவிழாக்காரர்கள் பார்த்துவிட்டு அந்த நிழலைத்தான் சிலாகித்தார்கள்.

விழாவுக்கு முன்னால் ஊர்க்காரர்கள் படத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். திதிக்கு முந்தைய மத்தியானம், ஊர் மண்டபத்தின் ஜன்னல்களில் கருப்புத் துணி கட்டிப் படத்தைப் போட்டாள். பல் போன கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மாட்டு வைத்தியர் என்ற சொல் வந்ததும் தொக்-சூ முன்னால் குனிந்தார். சுவரில் நிழல் விரல் நீண்டபோது சிலர் தங்கள் கைகளை மடிக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

துணியை விலக்கினார்கள். தொக்-சூ எழுந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த பான்-சொக்கிடம், "பிடிண்ணே" என்று கொடுத்துவிட்டு, நேராக ஹே-ரானிடம் வந்தார்.

"நம்ம ஊர்க்காரன்தானே?"

அவள் குனிந்து படக்கருவியின் விளக்கை அணைத்தாள்.

"உசிரோட இருக்கானா?"

"ஐயா, நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"ஆறு வருஷம் என் வீட்டுச் சோத்தைத் தின்னியே, எனக்குக் கொடுக்க வாக்கே இல்லையா உன்கிட்ட?" அவர் குரல் உடைந்தது. "இந்த மண்டபத்துல இருக்கானா? வாயால சொல்ல வேண்டாம்மா. காட்டுனா போதும்."

தான் யாருடைய வார்த்தையைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஹே-ரானுக்குத் தெரிந்தது. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். ஊர் முழுக்க அவளையே பார்த்தது.  பிடித்துக்கொள்ள ஒரு முகம் வேண்டியிருந்தது, யாராவது, தன்மேல் கோபமில்லாத ஒரே ஒரு ஆள்.

மூன்றாம் வரிசையில் பான்-சொக் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண் அங்கே போனது. உடனே எடுத்துவிட்டாள். ஆனால் தொக்-சூ அதற்குள் திரும்பிவிட்டார்.

அவர் நடந்து போய்ச் சிநேகிதர் முன்னால் நின்றார். பான்-சொக்கின் முகமே மீதியைச் சொல்லிவிட்டது.

"அதுக்குத்தான் வாழ்நாள் பூரா என்கிட்டத் தோத்தியாண்ணே?"

"தொக்-சூ, நான் விரலை நீட்டலடா..."

"அதான் படத்துல பாத்தேனே."

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். பான்-சொக் அன்றைக்கு முதல் தடவையாக ஹே-ரானைத் திரும்பிப் பார்த்தார். வெட்டிப் போட்ட வரிகளை அவர் படம் முழுக்கத் தேடியிருப்பார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஊரெங்கும் திதிச் சமையல் புகை. தொக்-சூ வீட்டு மதில்மேல் திறக்காத மதுப் போத்தல் ஒன்று நின்றது. யார் வைத்தது, யார் உள்ளே எடுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சதுரங்கப் பலகை இரண்டு துண்டாகக் குப்பையில் கிடந்தது.

பான்-சொக் கொல்லையில் தனியாகப் பழம் சீவிக்கொண்டிருந்தார். ஹே-ரான் அவர் முன்னால் மண்ணில் மண்டியிட்டாள்.

"வெட்டுனது தப்புதான் ஐயா. திருப்பிச் சேர்த்துடறேன்."

"அவன் பாக்கப் போறானா?"

  "நான் சொல்லல ஐயா. சத்தியமா சொல்லல. கையைக்கூட வெளியில எடுக்கல. பயந்துபோய்..."

"தெரியும்மா" என்றார் அவர், கத்தியை நிறுத்தாமல். "பாத்த. அவ்வளவுதான்."