முகத்தை விடாத கேமரா

மாடு விஜயகுமாரைத் தூக்கி எறிந்தபோது சுப்ரியா மாட்டையும் பார்க்கவில்லை, விஜயகுமாரையும் பார்க்கவில்லை. கேமராத் திரையில் தம்பி முனிவேலின் கண்மேல் நின்ற சின்னப் பச்சைக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டம் கண்ணிலேயே நிற்கிறதா, வேறெங்காவது ஓடிவிடுகிறதா என்பதுதான் அந்த நேரத்தில் அவளுடைய ஒரே கவலை. சனம் "ஐயோ" என்று அலறிய பிறகுதான் தலையை நிமிர்த்தினாள்.

பாரூர் ஏரிக்கு மேற்கே இருக்கும் அவர்கள் ஊரில் பொங்கல் கழிந்ததும் எருது விடும் விழா. இரண்டு பக்கமும் கட்டை அடித்த பாதையில் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள், சீக்கிரம் ஓடி முடிக்கிற மாட்டுக்குப் பரிசு. கொம்பில் பெரிய தட்டி ஒன்றைக் கட்டி ஜிகினா ஒட்டியிருப்பார்கள். தட்டியில் சாமி படமும் மாட்டுக்காரர் படமும் பளபளவென்று இருக்கும். வம்பே அங்கேதான். சுப்ரியாவின் மிரர்லெஸ் கேமரா முகத்தைக் கண்டால் போதும், பாய்ந்து பிடித்துக்கொள்ளும். உயிருள்ள முகமா அச்சடித்த முகமா என்று அந்தப் பாழாய்ப்போன ஆட்டோஃபோகசுக்கு என்ன தெரியும்? போன வருசம் அது தட்டியில் இருந்த முருகனையே பிடித்துக்கொண்டு, ஓடிய ஆட்களையெல்லாம் மங்கலாக்கிவிட்டது. முனிவேலுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "ஓசூர்ல ஸ்டுடியோ வெச்சிக்கினு இன்னா புண்ணியம்? கூடப்பொறந்தவன் மூஞ்சி ஒன்ன தெளிவா எடுக்கத் தெரியல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதனால் இந்த வருசம் காலையிலேயே அவனை வெயிலில் நிற்கவைத்து, அவன் முகத்தைக் கேமராவுக்குள் பதிந்துவைத்தாள். அப்படிப் பதிந்துவிட்டால் கூட்டத்தில் எத்தனை முகம் இருந்தாலும் கேமரா அந்த முகத்தைத்தான் முதலில் தேடும். ஓசூரில் கம்பெனி விழாக்களில் முதலாளி முகத்தைப் பதிந்துவைத்து அவள் நல்ல பேர் வாங்கியது இப்படித்தான். முதலாளிக்குச் செய்ததைத் தம்பிக்குச் செய்யக்கூடாதா?

ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்த மாடு அது. சீறிக்கொண்டு வந்த வேகத்தில் பாதையை விட்டுக் கட்டையோரம் திரும்பிவிட்டது. அங்கே மாட்டைப் பார்த்தபடி நின்றவன் விஜயகுமார், அவனுக்குப் பின்னால் முனிவேல். அடுத்த நொடி விஜயகுமார் மண்ணில் கிடந்தான், தலையெல்லாம் ரத்தம். பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவனை ஆம்புலன்சில் ஏற்றிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி கிளம்புவதற்குள்ளேயே யாரோ கத்திவிட்டார்கள்: "முனிவேலுதான் தள்ளிவுட்டான்! நான் பாத்தன்!"

அந்த வார்த்தை பற்றிக்கொள்வதற்குக் காரணம் இருந்தது. போன வாரம்தான் கால்வாய்த் தண்ணீருக்கு இரண்டு பேருக்கும் சண்டை. முனிவேலின் முறையில் விஜயகுமார் மடையை அடைத்துவிட்டான். டீக்கடையில் அத்தனை பேர் முன்னால், "உன்ன மாட்டு காலடியில தள்ளலன்னா நான் முனிவேலு இல்லடா" என்று இவன் சவால் விட்டிருந்தான். வாய் இருக்கிறதே வாய், அது அவனுக்குப் பிறந்ததிலிருந்தே எதிரி. நாலைந்து பேர் சேர்ந்து அவனை அடித்துச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் ஊராட்சி அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். விலக்கப் போன சுப்ரியாவை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் ஓடினாள். அங்கே யாருமில்லை. மாடு பாய்ந்தபோது எடுத்த வீடியோவைப் போட்டாள்.

வெயில் கேமராவின் குட்டித் திரையில் பட்டுக் கூசியது. முந்தானையைப் போர்த்திக்கொண்டு பார்த்தாள். மாடு வருகிறது. தட்டியில் மாட்டுக்காரர் சிரிக்கிறார். ஃபோகஸ் ஒரு கணம் தட்டிக்குத் தாவி, சட்டென்று முனிவேலுக்கே திரும்புகிறது. முகம் கண்ணாடி மாதிரி தெளிவு. பல்லைக் கடித்திருக்கிறான், கண் விஜயகுமாரின் முதுகில் குத்தி நிற்கிறது. அவள் பக்கவாட்டில் நின்று எடுத்ததில், முன்னால் நின்ற விஜயகுமாரின் முதுகு மங்கல். அந்த மங்கலுக்குள் முனிவேலின் முழங்கை மடங்கியது தெரிகிறது. கை முதுகில் இருக்கிறது. அடுத்த கணம் மாடு விஜயகுமாரைத் தூக்கி எறிகிறது.

ஐயோ, செய்துவிட்டான். சொன்னபடியே செய்துவிட்டான்.

நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம். முனிவேலின் சட்டை நூல்கூடத் தெரிகிற அளவுக்குத் துல்லியமான படம் அது. ஆனால் இன்னொரு தரம் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. தம்பி ஜெயிலுக்குப் போவதும், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பதும் கண்முன்னால் வந்துவிட்டது. மெமரி கார்டில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள்.

அழித்தால் மட்டும் போதாது என்று தொழில் தெரிந்த அவளுக்குத் தெரியும். அழித்ததைத் தோண்டி எடுக்கிற கடை ஓசூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதற்கு மேலேயே வேறு எதையாவது பதிந்துவிட்டால்தான் பழையது ஒழியும். லென்சை மூடியால் மூடி, படத்தின் தரத்தை ஆக உயரத்தில் வைத்து, பதிவை ஓடவிட்டாள். கார்டு சீக்கிரம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கோயில் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். கார்டு நிரம்பிப் பதிவு தானாக நின்றபோது அழுது ஓய்ந்திருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, தம்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரு தைரியம்கூட வந்திருந்தது.

ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. எஸ்.ஐ. சௌந்தரராஜன் நாற்காலியில் இருந்தார். விஜயகுமாரின் மனைவி வீரலட்சுமி, ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல், தலைவிரிகோலமாக நின்று கத்திக்கொண்டிருந்தாள். "வாயால சொன்னத கையால செஞ்சிட்டான் சார் இந்தப் பாவி! எம் புள்ளைங்களுக்கு யாரு சார் பதில் சொல்றது?"

முனிவேல் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. ஏன் இவன் இவ்வளவு சந்தோசப்படுகிறான்?

"வந்துட்டியாக்கா? சார், இவங்கதான் எங்க அக்கா. இவங்க கேமரா என் மூஞ்சிய வுடவே வுடாது சார், காலையிலதான் பதிஞ்சி வெச்சாங்க. எல்லாம் அதுல இருக்கும். போட்டுப் பாருங்க சார்."

"இன்னாடா இருக்கும்? நீ தள்ளினதா?" என்றார் எஸ்.ஐ.

"தள்ளல சார். மாடு திரும்பறத பாத்தன். அவன் அசையாம மரம் மாதிரி நின்னுக்கினு இருந்தான். சட்டைய கொத்தாப் புடிச்சி பின்னால இழுத்தன். சட்டதான் கிழிஞ்சி கையோட வந்திச்சி, ஆளு வரல. சண்டை இருந்தா சாவட்டும்னு வுட்டுருவனா சார்?"

"சட்டைய மாடு கிழிச்சதா நீ கிழிச்சதான்னு யாருக்குத் தெரியும்?"

"அதான் சார் வீடியோவுல தெரியும்னு சொல்றன்!"

சுப்ரியாவுக்கு அந்தப் படம் மறுபடி கண்ணுக்குள் ஓடியது. முழங்கை மடங்கியிருந்தது. அவளே கண்ணால் பார்த்தாள், மடங்கித்தான் இருந்தது. தள்ளுகிறவன் கை நீளும். இழுக்கிறவனுக்குத்தான் முழங்கை மடங்கிப் பின்னால் வரும். அடிப்பாவி, இது அப்போது ஏன் புத்தியில் ஏறவில்லை? பல்லைக் கடித்தது கோபத்தில் அல்ல, கனத்தை இழுத்ததில். விஜயகுமார் கண் விழித்தாலும் தனக்குப் பின்னால் நின்றவன் என்ன செய்தான் என்று அவனால் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"சார், அந்தக் கார்டு..." என்றாள்.

அதற்குள் கான்ஸ்டபிள் அவள் தோளிலிருந்து கேமராவைக் கழற்றிச் சுவரிலிருந்த பெரிய டிவியில் இணைத்துவிட்டார். "ஒரே ஒரு வீடியோதான் சார் இருக்குது" என்றபடி பொத்தானை அழுத்தினார்.

டிவி கறுப்பாக இருந்தது. கறுப்பாகவே ஓடியது. "இன்னாம்மா, கேமரா ரிப்பேரா?" என்றார் எஸ்.ஐ. ஆமாம் சார் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவள் நினைத்தாள். வாயைத் திறக்கவும் செய்தாள்.

அப்போது டிவியிலிருந்து சத்தம் வந்தது. லென்சை மூடியவள் மைக்கை மறந்துபோயிருந்தாள். முதலில் தூரத்து மேளச் சத்தம், மைக்செட்டில் யாரோ மாட்டின் பேரைச் சொல்வது. பிறகு மிக அருகில், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி ஒரு பெண் அழுகிற சத்தம். அந்தக் குரலை அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஏன்டா தள்ளின முனிவேலு... பாவி, ஏன்டா தள்ளின... எங் கண்ணால பாத்துட்டனேடா..."

கத்திக்கொண்டிருந்த வீரலட்சுமி டிவிப் பக்கம் திரும்பினாள். எஸ்.ஐ. மெதுவாக எழுந்து நின்றார்.

"சார், தப்பு சார், நான் தப்பாப் பாத்துட்டன்! அவன் இழுத்தான் சார், முழங்கை மடங்கிருந்திச்சி, நான்தான் அவசரப்பட்டு அழிச்சிட்டன், சாமி சத்தியமா சார்!" என்று சுப்ரியா அலறினாள். அங்கிருந்த முகம் ஒன்றுகூட நம்பவில்லை. கூடப்பிறந்தவளே பார்த்து, அழுது, அழித்திருக்கிறாள், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

முனிவேல் அவளைத் திட்டவில்லை. வீங்கிய உதட்டோடு அவளையே பார்த்தபடி இருந்தான்.

"நீயுமாக்கா?" என்றான்.

கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்து எழுப்பினார். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் நிற்கவில்லை, போய்விட்டான். அணைக்க யாருக்கும் தோன்றாத டிவியில் அவள் குரல் இன்னும் அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தது.