ஒரே அடி

எட்டுப் பாட்டுக்கும் மிக்ஸிங், அதாவது ஒலிக்கலவை, முடித்து இசைக்குழுவுக்கு அனுப்பிய அன்றே டிரம்மரிடமிருந்து ஒரு வரி வந்தது: "என் கிக் டிரம்மைச் சாகடிச்சிட்டே." மிக்ஸிங் செய்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். "காது இருந்தா நேர்ல வந்து கேளு" என்று பதில் போட்டான்.

மறுநாள் காலை பத்தரைக்கெல்லாம் வந்து நின்றாள். அந்த ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. இடது காலை முன்னே வைத்து, வலதை இழுத்துக்கொண்டு இருபத்திரண்டு படி ஏற வேண்டியிருந்தது அவளுக்கு. எட்டு மாதத்துக்கு முன் ஸ்கூட்டரோடு விழுந்ததில் வலது கணுக்கால் உடைந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். கிக் டிரம்மின் பெடலை மிதிக்கும் கால் அதுதான். அந்தக் காலோடுதான் எட்டுப் பாட்டையும் வாசித்திருந்தாள். குழுவில் எல்லோரும் அவளை 'இடி' என்றே கூப்பிடுவார்கள்.

உள்ளே குழுவின் பாடகரும் இருந்தார். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் "வா வா" என்று எழுந்து, மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

"நாலு கம்ப்ரசர் போட்டு வெச்சிருக்கேன்" என்றான் அண்ணன், திரும்பிப் பார்க்காமல். "பேர் சொல்ல மாட்டேன், நம்பர்தான். நாலையும் ஒரே சத்த அளவுல வெச்சிருக்கேன். எது நல்லா இருக்குன்னு சொல்லு. அப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"நீ சொன்னா நான் மூடிக்குவேனா? போடு முதல்ல."

கம்ப்ரசரின் வேலை பலமான அடியை அமுக்கிப் பலவீனமானதற்குப் பக்கத்தில் கொண்டுவருவது. முரட்டுத்தனமாக அமுக்கினால் அடியின் முனை மழுங்கிவிடும். மென்மையாகப் பிடித்தால் முனை தப்பிக்கும், வால் மட்டும் அடங்கும். எல்லாம் கணினியில் ஏற்றிக்கொள்ளும் பிளக்-இன்தான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

"ஒண்ணு."

"அட்டைப்பெட்டியை உதைக்கிற மாதிரி இருக்கு."

"ரெண்டு."

"கனம் இருக்கு. அடி எங்க விழுதுன்னே தெரியல."

"மூணு."

"மேசையில கரண்டியால தட்டுறாங்க."

"நாலு. இதுதான் நான் அனுப்பினது. இதுக்கும் ஒரு நொட்டை சொல்லு, பார்ப்போம்."

அவள் பாட்டின் கடைசிப் பகுதியை மறுபடி போடச் சொன்னாள். அப்புறம் இரண்டாம் நம்பரில் அதையே கேட்டாள், மூன்றில் கேட்டாள். "நாலையும் எடு. கம்ப்ரசரே இல்லாம போடு."

"எதுக்கு? பச்சையா இருக்கும்."

"பச்சையாவே கேக்கறேன்."

"அது இந்த டெஸ்ட்ல கிடையாது."

அவள் எட்டி, அவன் கைக்கு அடியிலிருந்து மவுஸைப் பிடுங்கி, கம்ப்ரசரை விலக்கிவிடும் பைபாஸை அழுத்தினாள். கிக் தனியாக ஒலித்தது. மீட்டரின் பச்சைக் கோடு ஒவ்வொரு அடிக்கும் ஏறி, ஒரே இடத்தில் தொட்டு இறங்கியது. அமுக்க எதுவும் இல்லாதபோதும் ஓர் இம்மி கூடவில்லை, குறையவில்லை. அந்தக் கடைசிப் பகுதியை வாசித்தபோது கணுக்கால் தீயாய் எரிந்தது அவளுக்கு நினைவிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்திருந்தாள். அங்கே அடி குறைந்திருக்க வேண்டும். திரையில் ஒலியின் வடிவத்தைப் பெரிதாக்கினாள். ரப்பர் ஸ்டாம்பால் குத்தியதுபோல் அத்தனை அடியும் அச்சு அசலாக ஒன்றேயாக இருந்தது.

"இது என் கால் இல்ல."

பாடகர் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"எல்லாரும் சேர்ந்து பேசித்தான்மா முடிவு பண்ணோம். உன் மனசு கஷ்டப்படுமேன்னு..."

"உன்னோட அடிதான் அது!" என்று கத்தினான் அண்ணன். "முதல் பாட்டுல நல்லா விழுந்த ஒண்ணை வெட்டி எல்லா இடத்துலயும் வெச்சேன். வேற யாரோடதையும் வைக்கல. சந்தோஷப்படு!"

"சிரிச்ச மாதிரி எடுத்த ஒரு போட்டோவை வெட்டி, தினமும் உன் மூஞ்சில ஒட்டி அனுப்பறேன். நீயும் சந்தோஷமா போயிட்டு வா."

"நீ வாசிச்ச லட்சணத்தைக் கேக்கறியா? கேளு!"

கோபத்தில் அசல் பதிவைப் போட்டுவிட்டான். மூன்று பாட்டு ஓடியது. இரண்டில் அடி ஏறி இறங்கினாலும் பாட்டோடு சேர்ந்து மூச்சு விட்டது. மூன்றாவதில் நடுவே கால் நொண்டியது, அப்பட்டமாக. அவள் கடைசிவரை கேட்டாள்.

"இது கேவலமா இருக்கு" என்றாள். "இதைத் திரும்ப வாசிக்கறேன். மத்ததுல என் காலை வை."

"ரெண்டு வாரத்துல ரிலீஸ்" என்றார் பாடகர். "இனிமே எதையும் மாத்த முடியாதும்மா."

"அப்போ என் பேரை எடுங்க."

"அடம் பிடிக்காதே" என்றான் அண்ணன்.

"அடம் இல்ல. நான் வாசிக்காததுக்கு எனக்குப் பேர் வேணாம். நீயே போட்டுக்கோ. கால் இல்லாமலே டிரம்ஸ் வாசிச்சவன்னு நாலு பேர் மெச்சட்டும்."

கதவை அறையவில்லை. அறைந்தாலும் சத்தம் கேட்காத கதவு அது. ஓரமெல்லாம் ரப்பர் வைத்திருந்தார்கள். படியில் ஒவ்வொரு காலாக அவள் இறங்குவதைக் கதவுக் கண்ணாடிவழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான் அண்ணன். கூடப் போய்க் கை கொடுக்கத் தோன்றியது. போகவில்லை.

ஆல்பம் சொன்ன தேதியில் வெளிவந்தது. டிரம்ஸுக்கு நேரே யார் பேரும் இல்லை. ஒருவரும் கேட்கவில்லை, அம்மாவைத் தவிர. ஸ்டூடியோவில் இருந்தவனுக்குப் போன் செய்தாள்.

"அவ பேரு எங்கடா?"

"அவதான் வேணாம்னா."

"அவளா சொல்ற மாதிரி நீ என்ன பண்ணினே?"

போனை வைத்துவிட்டான். குழுவில் வேறொரு டிரம்மர் சேர்ந்தான். இடி அம்மா வீட்டுப்பக்கம் வரும்போதெல்லாம் அண்ணன் வெளியே கிளம்பிவிடுவான். அவன் இருக்கிறான் என்று தெரிந்தால் அவளும் வாசலோடு திரும்பிவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்து வேலையில்லாத ஒரு மத்தியானத்தில், யாரும் கேட்காமலே, அந்த முதல் பாட்டைத் திறந்து வெட்டி ஒட்டியதையெல்லாம் நீக்கினான். அவளுடைய அசல் காலை வைத்து நான்காம் நம்பரைப் போட்டான். சரிவரவில்லை. அன்று இருவருமே கழித்த முதலாம் நம்பரைப் போட்டபோது, ஏறி இறங்கிய அடிகள் ஒன்றோடொன்று கைகோத்து நின்றன. ஒரு வார்த்தையும் எழுதாமல் அவளுக்கு அனுப்பினான்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "கம்ப்ரசர் ரொம்ப வேகமாப் பிடிக்குது. அடியோட முனை நசுங்குது."

திமிரைப் பார் என்று முனகினான். பிறகு போட்டுக் கேட்டான். நசுங்கித்தான் இருந்தது. சரிசெய்து சேமித்தான். அவளுக்கு அனுப்பவில்லை.