குடும்பத்தில் யாருக்கும் இல்லை

1
இப்போதெல்லாம் மனிதர்கள் தாளைத்தான் நம்புகிறார்கள். எதிரே நிற்கிறவனுக்கு முகம் சிவந்து மூச்சு வாங்கினாலும், தாளில் நலம் என்றிருந்தால் நலமாம். இந்தக் கதை பிறந்ததே என் மகன் கொண்டுவந்த ஒரு தாளால்தான். நான் பெயின்ட் அடித்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வாக்கியம் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது போங்கள்.

2
முதல் தொடக்கம்: "என் தம்பி ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து செத்தபோது..."

நன்றாகத்தான் இருக்கிறது. இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி மழமழப்பாகிவிட்டது. கிடக்கட்டும்.

3
மகனும் பெயின்டர். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி அடிப்பவன். போன வருடமே பிரஷர் நூற்றறுபது என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மரபணுச் சோதனை என்று எச்சிலைச் சின்னக் குழாயில் துப்பி எங்கோ அனுப்பினான். சென்ற வாரம் தாள் வந்தது.

"பிரஷர் வர்ற பரம்பரை ஆபத்து கம்மியாம்ப்பா. மாத்திரையை நிறுத்திட்டேன்."

"துப்பினது உன் ஆயுசைச் சொல்லிடுச்சாக்கும்."

மருமகள் குறுக்கே வந்தாள். "நிறுத்தச் சொல்லி அதுல போடலைன்னு நானும் தலையால அடிச்சுக்கிட்டேன் மாமா. மரபணுவுல நூத்துக்கணக்குல சின்னச் சின்ன வித்தியாசம் இருக்காம். ஒவ்வொண்ணும் பிரஷரைத் துளித்துளியா ஏத்துமாம், இறக்குமாம். அதோட குடும்பத்துல யாருக்கு இருந்துச்சுன்னும் சேர்த்துப் பார்த்துதான் சொல்றாங்க. உங்களைக் கேட்டுத்தானே யாருக்கும் இல்லைன்னு எழுதினேன்?"

(இந்த மருமகளைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவள் இல்லாவிட்டால் என்னைக் கேள்வி கேட்க ஆளில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.)

4
தம்பி வழுக்கவில்லை. மேல்படியில் நின்றவனுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தது. முதலில் பிரஷ் விழுந்தது, பிறகு அவன். முந்தின வாரம்தான் மருந்துக்கடையில் அவன் பிரஷரை அளந்துவிட்டு, "உடனே டாக்டரைப் பாருங்க" என்றார்கள். மேஸ்திரியிடம் நான் வழுக்கிவிட்டான் என்றேன். ரத்தக்கொதிப்பு என்று தெரிந்தால் கூடப்பிறந்த என்னையும் மறுநாள் ஏணியில் ஏற்றமாட்டார்.

[இந்தப் பத்தியை மூன்று முறை அடித்து எழுதினேன். வேறொன்றும் வரவில்லை.]

5
முடிவு ஒன்று: நான் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் கயிற்றில் மகன்...

எழுதமாட்டேன்.

முடிவு இரண்டு: சொல்கிறேன். மகன் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறான். சினிமாக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

6
நடந்தது இது. இன்று காலை அவன் வேலை செய்யும் கட்டடத்தின் மொட்டை மாடியில், கயிற்றில் தொங்க இடுப்புப் பட்டையை மாட்டப் போனவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தனை வருஷமா சொல்லலியேப்பா."

"இப்ப சொல்றேன்ல. மாத்திரையைப் போட்டுட்டு அப்புறம் தொங்கு."

"சித்தப்பாவுக்கு இருந்தா எனக்கும் வரணுமா? நீங்க எழுபதுலயும் நல்லாத்தானே இருக்கீங்க?"

"நான் என்னைக்குடா அளந்து பார்த்தேன்?"

பட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலேயே வந்தானா, வேறு பட்டை தேடினானா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். துளித்துளியாக ஏறுமாம், இறங்குமாம். அந்தத் தாள் கணக்கில் இன்னும் எனக்கு நம்பிக்கையில்லை. நான் பட்டையோடு தெருவுக்கு வந்துவிட்டேன்.